ருக்மிணி தேவி அருண்டேல்

ருக்மிணி தேவி அருண்டேல் (பெப்ரவரி 29, 1904 - பெப்ரவரி 24, 1986) தமிழகத்தைச் சேர்ந்த பரதநாட்டியக் கலைஞர், நாட்டிய நாடக ஆக்குநர், விலங்கு நல ஆர்வலர், மாநிலங்களவை உறுப்பினர் ஆவார். சென்னை அடையாற்றில் 1936ஆம் ஆண்டு கலாசேத்திரா என்னும் கலை நிறுவனத்தைத் தோற்றுவித்தவர் இவரே. சதிர் என்ற பெயரில் கோயில்களிலும் செல்வர் இல்லங்களிலும் நிகழ்ந்துவந்த ஆடல், பரதநாட்டியம் என்ற பெயரில் நகர மேடைக்கு வந்த காலத்தில் பெரும் பங்காற்றியவர்களுள் இவரும் ஒருவர்.

இவர் முறையாகக் கற்கத் தொடங்கிய முதல் செவ்வியல் நடனம் பரதநாட்டியம் அன்று. ஐரோப்பாவின் பாலே நடனம். தம் 25ஆம் வயதை ஒட்டி அந்நடனத்தின் கை, கால் நிலைகளைப் பயின்ற இவர், அதன் பின்னரே தம் ஊரின் ஆடலை நாடினார். இவ்வரிசை பரதநாட்டியத்தின் அண்மைக்கால வரலாற்றில் கவனிக்கத்தக்கது.

இளமை

ருக்மிணி மதுரையில் பிறந்தார். தந்தை நீலகண்ட சாஸ்திரி பொதுப்பணித் துறையில் பொறியாளர். வடமொழிப் புலமை உடையவர். தாய் சேஷம்மாள் இசையில் ஈடுபாடு கொண்டவர். தந்தையின் பணி மாற்றங்களால் குடும்பம் பல ஊர்களில் வாழ நேர்ந்தது. நீலகண்ட சாஸ்திரி பிரம்மஞான சபையில் இணைந்து அன்னி பெசண்ட் அம்மையாரின் கருத்துகளை ஏற்றவர். பணி ஓய்வுக்குப் பின் குடும்பத்துடன் சென்னைக்கு வந்து, சபையின் தலைமையகம் அமைந்திருந்த அடையாற்றுப் பகுதியில் வீடு கட்டிக் குடியேறினார்.

அக்கால அடையாறு சென்னையின் ஏனைய பகுதிகளிலிருந்து வேறுபட்டது. ஆற்றின் கழிமுகத்தை ஒட்டிய தோப்புகளுக்கு இடையே பல நாட்டினர் கூடி வாழ்ந்தனர். நாடகம், இசை, சமய உரையாடல் ஆகியன அங்கு அன்றாட நிகழ்வுகள். பிராமணக் குடும்பத்துப் பெண் மேடையேறுவதை ஏற்காத சமூகம் சபையின் மதிலுக்கு வெளியே இருந்தது. மதிலுக்கு உள்ளே அக்கட்டுப்பாடு தளர்ந்திருந்தது. இவருடைய பிற்கால வாழ்வைப் புரிந்துகொள்ள இந்தச் சூழலை மனத்திற் கொள்வது நல்லது.

திருமணம்

அடையாற்றில் இவர் ஜார்ஜ் அருண்டேலைச் சந்தித்தார். 1878இல் இங்கிலாந்தில் பிறந்த அருண்டேல் காசி மத்திய இந்துக் கல்லூரியின் முதல்வராகப் பணியாற்றியவர். தன்னாட்சி இயக்கத்தில் பெசண்ட் அம்மையாருக்குத் துணை நின்று, 1917இல் அவருடன் உதகையில் காவலில் வைக்கப்பட்டவர். 1920ஆம் ஆண்டு இருவரும் மணம் செய்துகொண்டனர். மணமகளுக்கு வயது 16, மணமகனுக்கு 41. வயது வேறுபாட்டைவிட, பிராமணப் பெண் ஒருவர் வெள்ளையரை மணந்ததே அன்றைய சென்னையில் பெரும் சலசலப்பை உண்டாக்கியது.

திருமணத்திற்குப் பின் கணவருடன் ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் இவர் பயணம் செய்தார். 1923இல் அகில இந்திய இளம் பிரம்மஞானியர் கூட்டமைப்பிற்கும், 1925இல் அதன் உலகக் கூட்டமைப்பிற்கும் தலைவரானார். ஐரோப்பிய நகரங்களில் ஓபராவும் பாலேயும் கண்டார். பாவ்லோவாவைச் சந்திப்பதற்கு முன்பே மேடை, ஒளி, உடை, இசைக்குழு ஆகியவற்றைப் பார்த்துத் தேறிய கண் இவருக்கு வாய்த்திருந்தது.

அன்னா பாவ்லோவாவின் நட்பு

ருசிய நடனமணி அன்னா பாவ்லோவா (1881 - 1931) தம் குழுவுடன் உலகம் முழுவதும் சுற்றி ஆடியவர். 1922 - 23இல் முதன்முறை இந்தியா வந்த அவர், இந்தியக் கருப்பொருள்களைக் கொண்டு நடனங்கள் அமைக்க விரும்பி, 1923இல் இலண்டனில் உதயசங்கரைத் தம்முடன் சேர்த்துக்கொண்டார். 1928ஆம் ஆண்டின் இறுதியில் அவருடைய குழு மீண்டும் இந்தியாவுக்கு வந்தது. பம்பாயில் அவர் ஆடியதை அருண்டேல் தம்பதியர் கண்டனர். பின்னர் ஆஸ்திரேலியா நோக்கிச் சென்ற கப்பலில் இரு தரப்பினரும் உடன் பயணிகளாயினர். கப்பல் பயணம் நீண்டது. அறிமுகம் நட்பாக முதிர்ந்தது.

தமக்கும் ஆடக் கற்க வேண்டும் என்னும் ஆசை இருப்பதை ருக்மிணி வெளியிட்டபோது, பாவ்லோவா அதைத் தட்டிக்கழிக்கவில்லை. தம் குழுவின் முதன்மைத் தனிநடனக் கலைஞர்களுள் ஒருவரான கிளியோ நோர்டியிடம் இவரைக் கற்க வைத்தார். நோர்டி ருசியாவின் குரோன்ஸ்டாட் நகரில் பிறந்தவர். நிக்கோலாய் லெகாத்திடம் பயின்றவர். பாவ்லோவாவின் மறைவுக்குப் பின் இலண்டனில் நெடுங்காலம் நடன ஆசிரியராக விளங்கினார்.

பாலேயின் அடிப்படை நிலைகள்

நோர்டியிடம் இவர் கற்றது என்ன என்பதை உணர, பாலேயின் முதல் பாடத்தை அறிந்திருத்தல் வேண்டும். இன்றும் உலகின் எந்தப் பாலே வகுப்பிற்குச் சென்றாலும் முதல் நாள் பாடம் இதுவே.

பிரான்சு மன்னர் பதினான்காம் லூயி 1661இல் அரச நடனக் கழகத்தை நிறுவினார். அவருடைய அவையில் நடன ஆசிரியராக இருந்த பியேர் போஷாம் என்பவர் கால்களுக்கு ஐந்து நிலைகளை வரையறுத்தார் எனக் கூறப்படுகிறது. 1700இல் ஃபெயே வெளியிட்ட நடனக் குறியீட்டு நூலில் இந்த ஐந்தும் சரியான நிலைகளாகவும், பாதங்கள் உள்நோக்கித் திரும்பிய வேறு ஐந்து பிழையான நிலைகளாகவும் பதிவாகியுள்ளன. பிழையான நிலைகளையும் எண்ணிட்டு எழுதி வைத்த நேர்த்தி வியப்புக்குரியது.

முதல் நிலையில் இரு குதிகால்களும் ஒட்டியிருக்க, பாதங்கள் இரு புறமும் விரிந்து ஏறக்குறைய ஒரே கோட்டில் அமையும். இரண்டாம் நிலையில் அதே கோட்டில் குதிகால்கள் ஓர் அடி அளவு விலகி நிற்கும். மூன்றாம் நிலையில் ஒரு பாதத்தின் குதிகால் மற்றதன் நடுப்பகுதியைத் தொடும். நான்காம் நிலையில் ஒரு பாதம் முன்னும் மற்றது பின்னுமாக, இடையே ஒரு பாத அளவு இடைவெளி இருக்கும். ஐந்தாம் நிலையில் அந்த இடைவெளி மறைந்து, முன்பாதத்தின் குதிகால் பின்பாதத்தின் விரல் நுனியை ஒட்டி நிற்கும். மூன்றாம் நிலை மேடையில் அரிதாகவே வரும். ஐந்தாம் நிலைக்கு உடல் பழகும் வரை தொடக்க மாணவர்க்கு அது ஒரு படிக்கட்டு.

இந்த ஐந்துக்கும் பொதுவான விதி, கால் வெளிநோக்கித் திரும்புவது இடுப்பு மூட்டிலிருந்து நிகழ வேண்டும் என்பதாகும். பாதத்தை மட்டும் திருப்பி முழங்காலை முன்னோக்கி விட்டால், நிலை பார்வைக்குச் சரியாகத் தோன்றும், முழங்கால் கெட்டுப்போகும். இடுப்பு மூட்டு எவ்வளவு திரும்பும் என்பதை எலும்பின் அமைப்பே பெரிதும் முடிவு செய்கிறது. எலும்பு முற்றிய பின் அதைக் கூட்டுவது மிகவும் கடினம். ருசிய அரச நடனப் பள்ளி ஏறத்தாழ 10 வயதில் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டதற்கு இது ஒரு காரணம். பாவ்லோவாவும் 1891இல், 10 வயதில்தான் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பள்ளியில் சேர்ந்தார்.

கை நிலைகளின் எண்ணிக்கை பள்ளிக்குப் பள்ளி வேறுபடும். இத்தாலிய ஆசிரியர் செக்கெட்டியின் முறையில் ஐந்து நிலைகள்; பிற்காலத்தில் ருசியாவில் வாகனோவா வகுத்த முறையில் தொடக்க நிலை நீங்கலாக மூன்று. ஒரு முறையில் ஐந்தாவது எனப்படுவது மற்றொன்றில் மூன்றாவது எனப்படும். எண்கள் மாறினாலும் வடிவங்கள் பெரும்பாலும் ஒன்றே. கைகள் தொடைகளுக்கு முன்னே தாழ்ந்து வட்டமாக நிற்பது ஒன்று. அதே வட்டம் வயிற்றின் மேற்பகுதி வரை உயர்வது ஒன்று. வட்டம் பிரிந்து இரு புறமும் தோளுக்குச் சற்றுத் தாழ விரிவது ஒன்று. தலைக்கு மேல் மீண்டும் கூடி முகத்திற்குச் சட்டம் இட்டதுபோல் நிற்பது ஒன்று. எந்த நிலையிலும் முழங்கை கூர்மையாக மடியக்கூடாது. மணிக்கட்டு ஒடிந்து தொங்கக்கூடாது. தோளிலிருந்து விரல் நுனி வரை ஒரே வளைவு ஓட வேண்டும்.

மாணவர் சுவரை ஒட்டிய கட்டையைப் பற்றி நின்று, முதலில் முழங்கால்களை மெல்ல மடக்கி எழும் பிளியே என்னும் பயிற்சியைச் செய்வர். பின்பு ஒரு காலை நீட்டித் தரையைத் தடவி மீள்வர். அதன் பின்னரே கட்டையை விட்டு அரங்கின் நடுவுக்கு வருவர். எத்தனை ஆண்டுகள் ஆடிய கலைஞராயினும் நாள்தோறும் இதே வரிசையில் தொடங்க வேண்டும். பாவ்லோவா போன்ற புகழ்பெற்றவரும் பயணத்தின் இடையில் இப்பயிற்சியை விட்டதில்லை.

25 வயதை நெருங்கிய ருக்மிணி இந்தப் பாடத்தைத்தான் தொடக்கத்திலிருந்து கற்றார். சமூகத்தில் அவர் அப்போது சிறு பெண் அல்லர். உலக அமைப்பொன்றின் தலைவர், பெரும் கூட்டங்களில் உரையாற்றுபவர். பெசண்ட் அம்மையார் அவரை உலக அன்னை என்னும் ஆன்மிக இயக்கத்தின் முகமாக முன்னிறுத்தியிருந்த காலம் அது. அத்தகையவர் பிள்ளைகள் கற்கும் கால் நிலைகளைக் கட்டையைப் பிடித்துக்கொண்டு கற்க இசைந்தது சிறிய செயலன்று. பாலே மேடைக்கு அந்த வயது காலங்கடந்தது. பாலே அவரைப் பாலே நடனமணியாக ஆக்கவில்லை, ஆக்கியிருக்கவும் இயலாது. எனினும், ஆடலைக் கற்கும் வழி இன்னது என்பதை முதன்முதலில் அவருடைய உடல் அறிந்தது அங்கேதான்.

பாவ்லோவா இவருக்குக் கூறிய அறிவுரை பின்னர்ப் புகழ்பெற்றது. பாலே கற்பது தவறில்லை. ஆயினும் ஒவ்வொருவரும் தத்தம் நாட்டின் கலையைத் தேடி உயிர்ப்பிக்க வேண்டும் என்பது அதன் சாரம். 1931 ஜனவரி 23 அன்று பாவ்லோவா நெதர்லாந்தின் தி ஹேக் நகரில் காலமானார். தம் மாணவி தஞ்சை மரபின் அடவுகளை ஆடியதைக் காண அவருக்கு வாய்ப்பில்லாது போயிற்று.

சதிர் ஆடலை நாடுதல்

அக்காலத்தில் சதிர் பெரும் சர்ச்சைக்குரியதாக இருந்தது. கோயில்களுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி சட்டமன்றத்திலும் வெளியிலும் போராடினார். அவ்வழக்கத்தோடு பிணைந்திருந்த ஆடலும் பலருடைய வெறுப்புக்கு ஆளாயிற்று. வழக்கறிஞரும் நடனக் கலைஞருமான ஈ. கிருஷ்ண ஐயர் ஆடலைக் காக்க வேண்டும் என வாதிட்டார். 1932ஆம் ஆண்டின் இறுதியில் இவ்விருவரும் சென்னை நாளிதழ்களில் கடிதங்கள் வழியே மோதிக்கொண்டனர். கிருஷ்ண ஐயரின் முயற்சியால், சென்னை மியூசிக் அகாதெமியின் 1933 ஜனவரி நிகழ்ச்சியில் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவியரான கல்யாணி மகளிர் இராஜலட்சுமி, ஜீவரத்தினம் இருவரும் ஆடினர்.

ருக்மிணி தேவி சதிரை முதன்முதலில் கண்டது அந்த ஆண்டு அகாதெமி மேடையில் என்பது பொதுவாகக் கூறப்படும் செய்தி. கண்ட பின் காலம் தாழ்த்தவில்லை. முதலில் மயிலாப்பூர் கௌரி அம்மாளிடம் பயின்றார். கபாலீசுவரர் கோயில் மரபில் வந்த கௌரி அம்மாள் அபிநயத்தில் பெரும் தேர்ச்சி உடையவர். பாலசரஸ்வதிக்கும் அவர் ஆசிரியர். பின்னர் ருக்மிணி மீனாட்சிசுந்தரம் பிள்ளையை (1869 - 1954) அணுகினார். தஞ்சை நால்வர் எனப்படும் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகியோரின் வழிவந்தவர் அவர். 30 வயதை எட்டும், வேறொரு சமூகத்தைச் சேர்ந்த, உலகம் சுற்றிய ஒரு பெண்ணைச் சேர்த்துக்கொள்ள அவர் முதலில் தயங்கினார். ஆடல் மரபிலோ பிள்ளைகள் ஏழெட்டு வயதில் அரங்கேறிவிடுவர். பாலசரஸ்வதி 1925இல் காஞ்சிபுரத்தில் அரங்கேறியபோது அவருக்கு வயது 7.

இரு முறைகளின் ஒற்றுமையும் வேற்றுமையும்

பாலேயின் முதல் நிலையில் நின்று முழங்கால்களை மடக்கினால் கிடைக்கும் உருவமும், பரதநாட்டியத்தின் அரைமண்டியும் ஒன்றையொன்று நினைவூட்டும். இரண்டிலும் குதிகால்கள் நெருங்கியிருக்கும், பாதங்கள் விரியும், முழங்கால்கள் பக்கவாட்டில் செல்லும், முதுகு நிமிர்ந்திருக்கும், திருப்பம் இடுப்பிலிருந்து வர வேண்டும் என்னும் விதியும் பொது. ஒரு வகுப்பில் கற்றவர்க்கு மற்றது முற்றிலும் அந்நியமாக இராது.

ஒற்றுமை இத்துடன் நின்றுவிடுகிறது. பாலேயில் மடங்கிய முழங்கால் ஒரு கணத்திற்கு உரியது. துள்ளி எழுவதற்கான ஆயத்தம் அது. பரதநாட்டியத்தில் மடங்கிய முழங்காலே வீடு. தட்டடவு முதல் தீர்மானம் வரை ஆடுபவர் மீண்டும் மீண்டும் அங்கேயே வந்து சேர்வார். பாலே தரையை விட்டு விலக முயல்கிறது. விரல் நுனியில் எழுந்து, எடையற்றதுபோல் தோன்ற விரும்புகிறது. பரதநாட்டியம் முழுப் பாதத்தால் தரையைத் தட்டி, அந்த ஒலியைத் தாளத்தின் பகுதியாக்குகிறது.

கைகளிலும் இவ்வேறுபாடு தெளிவு. நாட்டியாரம்பம் என்னும் நிலையில் கைகள் தோள் மட்டத்தில் நீண்டு, முழங்கை சற்று உயர்ந்து, ஒரு கோட்டைப் போல் நிற்கும். பாலேயின் இரண்டாம் கை நிலை அதே பக்கத்தில் விரிந்தாலும் கோடாகாது, வளைவாகவே இருக்கும். பாலேயில் விரல்கள் மென்மையாகக் குவிந்து, தனிப் பொருள் ஏதும் இன்றி நிற்கும். அபிநய தர்ப்பணம் என்னும் நூலோ ஒற்றைக் கைக்கு மட்டும் 28 முத்திரைகளைக் கூறுகிறது. பதாகமும் கபித்தமும் நூலில் அடங்கிய சொற்களைப் போன்றவை. ஐந்து நிலைகளைக் கற்றவர்க்கு இந்த விரல் மொழியில் முன்னனுபவம் எதுவும் இல்லை. அதைக் கௌரி அம்மாள் போன்றோரிடமிருந்தே பெற இயலும்.

அரங்கேற்றம்

1935 டிசம்பர் 30 அன்று, அடையாற்றில் பிரம்மஞான சபையின் வைரவிழா மாநாட்டில் ருக்மிணி தேவி மேடையேறினார். வயது 31. ஜார்ஜ் அருண்டேல் 1934 முதல் சபையின் தலைவராக இருந்தார். பிராமண மகளிர் ஒருவர் சதிர் ஆடுவதைக் கண்டிக்கச் சென்னையில் பலர் இருந்தனர். காண வந்தவர்களும் பலர். அம்மேடையேற்றத்திற்குப் பின், நடுத்தர வகுப்புக் குடும்பங்கள் தம் பெண்களை ஆடல் கற்க அனுப்பத் தொடங்கின. இவ்வழியை இவர் மட்டுமே திறந்தார் என்பது மிகை. கிருஷ்ண ஐயரின் உழைப்பும், கலாநிதி நாராயணன் போன்ற இளம் கலைஞரின் மேடையேற்றங்களும் அதே ஆண்டுகளைச் சேர்ந்தவை.

மேடையமைப்பில் இவர் செய்த மாற்றங்கள் உடனே கண்ணில் பட்டன. அதற்கு முன் நட்டுவனாரும் பக்க இசைஞரும் ஆடுபவரின் பின்னால் நின்று, அவர் முன்னும் பின்னும் செல்லும்போது தாமும் உடன் நடப்பர். இவர் அவர்களை மேடையின் ஒரு பக்கத்தில் அமர வைத்தார். கோயில் சிற்பங்களை நோக்கிப் புதிய உடைகளும் நகைகளும் வடிவமைக்கப்பட்டன. ஒளியமைப்பில் மேற்கத்திய நாடக அனுபவம் உள்ள நண்பர்கள் உதவினர். மேடையில் நடராசர் திருவுருவம் இடம்பெற்றது.

கலாசேத்திரா

1936 ஜனவரி 6 அன்று அடையாற்றில் பன்னாட்டுக் கலைக்கழகம் என்னும் பொருள்படும் பெயரில் நிறுவனம் தொடங்கப்பட்டது. பண்டிதர் சுப்பிரமணிய சாஸ்திரி சூட்டிய கலாசேத்திரா என்னும் பெயர் 1938 முதல் வழங்கிவருகிறது. ஒரு மரம், ஓர் ஆசிரியர், ஒரு மாணவி என்ற அளவில் தொடங்கியதாக நிறுவனத்தார் கூறுவது வழக்கம். அம்மாணவி ராதா, ருக்மிணியின் அண்ணன் ஸ்ரீராமின் மகள். ராதா பர்னியர் என்ற பெயரில் பின்னாளில் பிரம்மஞான சபையின் தலைவரானவர்.

மீனாட்சிசுந்தரம் பிள்ளையும் அவருடைய மருமகன் சொக்கலிங்கம் பிள்ளையும் இங்குக் கற்பித்தனர். கதகளிக்கு அம்பு பணிக்கர், சந்து பணிக்கர் ஆகியோர் கேரளத்திலிருந்து வந்தனர். இசைக்கு டைகர் வரதாச்சாரியார், காளிதாச நீலகண்ட ஐயர், மைசூர் வாசுதேவாச்சாரியார், பாபநாசம் சிவன் எனப் பெரும் பெயர்கள். 1940களின் தொடக்கத்தில் பந்தநல்லூர் ஆசிரியர்கள் நிறுவனத்தை விட்டுச் சென்றபோது நெருக்கடி உண்டாயிற்று. நட்டுவாங்கம் ஒரு குலத்து ஆடவரின் உரிமையாகக் கருதப்பட்டது. தாமும் தம் மாணவியரும் தாளம் பிடித்து நட்டுவாங்கம் செய்வதென ருக்மிணி தேவி முடிவெடுத்தார். சாரதா ஹாஃப்மன் முதலிய மாணவியர் ஆசிரியராயினர். இன்று பெண்கள் நட்டுவாங்கம் செய்வது இயல்பான காட்சி. அன்று அது எவரும் எண்ணாத செயல்.

தமிழ் மாணவர்க்கு இந்நிறுவனத்தோடு வேறொரு தொடர்பும் உண்டு. உ. வே. சாமிநாதையர் 1942இல் மறைந்த பின், அவர் தேடித் திரட்டிய ஓலைச்சுவடிகளையும் நூல்களையும் காப்பதற்காக 1943இல் அவர் பெயரால் நூலகம் ஒன்றை நிறுவினார் ருக்மிணி தேவி. மாண்டிசோரி அம்மையார் 1939இல் அடையாறு வந்து ஆசிரியர்க்குப் பயிற்சி அளித்ததும் அருண்டேல் தம்பதியரின் அழைப்பின் பேரிலாகும். கைத்தறி, சாயமிடுதல் ஆகியவற்றுக்கான பிரிவும் கலாசேத்திராவில் இயங்கியது. அங்கு நெய்யப்பட்ட அகலக் கரைப் பட்டுச் சேலைகள் கலாசேத்திராச் சேலைகள் என்றே கடைகளில் பெயர் பெற்றன.

ஜார்ஜ் அருண்டேல் 1945இல் காலமானார். அதன் பின் சபையின் நிலத்தை விட்டு விலகவேண்டிய சூழல் எழுந்தது. திருவான்மியூரில் கடற்கரையை ஒட்டி மணல் பரந்த, ஏறத்தாழ 100 ஏக்கர் நிலத்தில் மரங்கள் நட்டு, 1960களின் தொடக்கத்தில் கலாசேத்திரா அங்கு இடம்பெயர்ந்தது.

பாலேப் பயிற்சியின் தாக்கம்

கலாசேத்திரா பாணியின் நேர்கோடுகளும் துல்லியமான கோணங்களும் பாலேயிலிருந்து வந்தவை என்று கூறுவோர் உளர். இக்கருத்தை அப்படியே ஏற்பது கடினம். பாலேயின் கைகள் வளைந்தவை. கலாசேத்திராவின் கைகளோ நீண்டு நிமிர்ந்தவை. அரைமண்டியின் ஆழம் குறித்து இப்பாணியில் காட்டப்படும் கண்டிப்பும் பந்தநல்லூர் மரபிலேயே வேர் கொண்டது.

தாக்கத்தை அசைவுகளில் தேடுவதைவிட வகுப்பறையில் தேடுவது பொருத்தம். நட்டுவனார் இல்லத்தில் ஒரு மாணவி தன் ஆசிரியரின் கண்பார்வையில், தனக்கேற்ற வேகத்தில் கற்றுவந்தாள். கலாசேத்திராவில் பல மாணவர் வரிசையாக நின்று, ஒரே அடவை ஒரே அளவில், நாள்தோறும் குறித்த நேரத்தில் செய்தனர். ஆண்டுவாரியான பாடத்திட்டமும் பட்டயமும் வந்தன. எவ்வளவு முன்னேறிய மாணவராயினும் காலையில் அடவுகளில் தொடங்க வேண்டும். கட்டையைப் பிடித்து நின்று நாள்தோறும் முதல் நிலையில் தொடங்கும் பாலே வகுப்பின் ஒழுங்கை இதில் காணலாம். ஒரு குழுவே ஒரே உடல்போல் ஆடும் தேவையும், கதை, இசை, உடை, ஒளி அனைத்தும் ஒருவர் நோக்கில் இணையும் படைப்பு முறையும் பாவ்லோவாவின் குழுவை அருகிருந்து கண்டவர்க்கு நன்கு தெரிந்திருக்கும்.

நாட்டிய நாடகங்கள்

இவருடைய முதல் பெரும் நாட்டிய நாடகம் 1944இல் அரங்கேறிய குற்றாலக் குறவஞ்சி. தூத்துக்குடியும் தருவைகுளமும் அன்று அடங்கியிருந்த திருநெல்வேலி மாவட்டத்தின் மேற்கு மலையடிவாரத்தில் பாடப்பட்ட நூல் அது. திரிகூடராசப்பக் கவிராயரின் வசந்தவல்லியும் சிங்கியும் சிங்கனும் சென்னை மேடையில் உயிர் பெற்றனர். வடமொழிக் காவியங்களுக்கு முன் தமிழ்ச் சிற்றிலக்கியம் ஒன்றை இவர் தேர்ந்தது நினைவில் கொள்ளத்தக்கது.

1947இல் டைகர் வரதாச்சாரியாரின் இசையில் குமாரசம்பவம் வந்தது. 1955 முதல் 1970 வரை இராமாயணம் ஆறு பகுதிகளாக உருவாயிற்று. முதல் பகுதிகளுக்கு மைசூர் வாசுதேவாச்சாரியார் முதிர்ந்த வயதில் இசையமைத்தார்; அவர் 1961இல் மறைந்த பின் பேரன் ராஜாராம் பணியை நிறைவு செய்தார். கீத கோவிந்தம், ஆண்டாள் சரித்திரம், கண்ணப்பர் குறவஞ்சி, மெலட்டூர் பாகவத மேளா மரபைத் தழுவிய உஷா பரிணயம் ஆகியவை பிற ஆக்கங்களுள் சில. ஆண் பாத்திரங்களின் வீர அசைவுகளுக்குக் கதகளியிலிருந்து இவர் தாராளமாக எடுத்துக்கொண்டார்.

விமர்சனங்கள்

இவருடைய பணி எதிர்ப்பின்றி ஏற்கப்படவில்லை. சிருங்காரப் பதங்கள் சிலவற்றை மேடைக்கு ஒவ்வாதவை என இவர் ஒதுக்கினார். பாலசரஸ்வதி இதை முற்றிலும் மறுத்தார். சிருங்காரமே இக்கலையின் உச்சம். அதில் தூய்மை செய்வதற்கு ஏதுமில்லை. பக்திக்கும் அதுவே வழி என்பது அவர் நிலை. இரு பெரும் கலைஞர்களுக்கு இடையிலான இக்கருத்து வேறுபாடு இன்றுவரை தீரவில்லை.

இதனினும் ஆழமானது சமூகம் பற்றிய விமர்சனம். 1947இல் சென்னை மாகாணத்தில் பொட்டுக்கட்டும் வழக்கம் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. கலை மேடையில் தழைத்தது. அதைத் தலைமுறை தலைமுறையாகக் காத்த குடும்பங்களின் பெண்களோ மேடையிலிருந்து மறைந்தனர். இழிவு நீங்கிய கலையின் பயனை வேறு சமூகத்தார் பெற்றனர் என ஆய்வாளர்கள் சுட்டுகின்றனர். கௌரி அம்மாள் கலாசேத்திராவில் மதிப்புடன் கற்பித்தார் என்பது உண்மை. அவரையொத்த மற்றும் பலருக்கு அத்தகைய இடம் எங்கும் கிடைக்கவில்லை என்பதும் உண்மை. மீட்டெடுத்தவர் என்னும் அடைமொழியை இவருக்கு வழங்கும்போது, எவர் கையிலிருந்து எவர் கைக்கு என்னும் வினாவும் உடன் எழுகிறது.

அரசியலும் விலங்கு நலமும்

1952இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்ட இவர் 1962 வரை உறுப்பினராக இருந்தார். அவையில் இவர் மிகுதியாகப் பேசியது நடனத்தைப் பற்றியன்று; விலங்குகளைப் பற்றி. விலங்கு வதையைத் தடுக்கத் தனி உறுப்பினர் சட்ட முன்வரைவு ஒன்றை 1953இல் கொண்டுவந்தார். அரசே விரிவான சட்டம் இயற்றும் என்று பிரதமர் நேரு உறுதியளித்ததால் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அதன் விளைவாக 1960இல் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. அச்சட்டத்தின் கீழ் 1962இல் சென்னையில் அமைந்த இந்திய விலங்கு நல வாரியத்தின் முதல் தலைவரும் இவரே. புலால் உண்ணாமையைப் பரப்பும் அனைத்துலக ஒன்றியத்தின் துணைத்தலைவராகவும் பல ஆண்டுகள் இருந்தார்.

1977இல் குடியரசுத் தலைவர் பதவிக்கு இவரை நிறுத்த அப்போதைய பிரதமர் மொரார்ஜி தேசாய் விரும்பினார். ருக்மிணி தேவி அதை ஏற்கவில்லை.

விருதுகள்

பத்மபூசண் (1956), சங்கீத நாடக அகாதெமி விருது (1957), அவ்வகாதெமியின் உறுப்பினர் தகுதி (1967), விசுவபாரதிப் பல்கலைக்கழகத்தின் தேசிகோத்தமர் பட்டம் (1972) ஆகியவற்றைப் பெற்றார். 1987இல் இந்திய அஞ்சல் துறை இவர் நினைவாக அஞ்சல் தலை வெளியிட்டது.

மறைவு

ருக்மிணி தேவி 1986 பெப்ரவரி 24 அன்று சென்னையில் காலமானார். கலாசேத்திரா தன் பொன்விழாவைக் கண்ட ஆண்டு அது. யாமினி கிருஷ்ணமூர்த்தி, சி. வி. சந்திரசேகர், தனஞ்சயன் தம்பதியர், அடையாறு லட்சுமணன், கிருஷ்ணவேணி லட்சுமணன், லீலா சாம்சன் முதலியோர் அங்குப் பயின்று புகழ்பெற்றவர்கள். ஒடிசி நடனத்தின் பெரும் கலைஞரான சம்யுக்தா பாணிகிரகியும் சிறுவயதில் ஒரிசாவிலிருந்து வந்து இங்குப் பயின்றவரே. 1993ஆம் ஆண்டின் கலாசேத்திரா அறக்கட்டளைச் சட்டம் இந்நிறுவனத்தை நாட்டுச் சிறப்பு வாய்ந்த நிறுவனமாக அறிவித்து, நடுவண் அரசின் பண்பாட்டுத் துறையின் கீழ்க் கொண்டுவந்தது.